நோயாளியின் அருகில் மனித உருவ இயந்திரம்

நோயுற்றாரை ஓம்புதல் எந்நாட்டினரும் எச்சமயத்தினரும் ஒருமுகமாகப் போற்றும் அறமாகும். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்குங்கால் மருத்துவத்துக்கு உறுப்புக்கள் நான்கு என வகுத்தருளினார். நோயாளி, நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பணி செய்வோன் என்பன அவை. நான்காமவனை ஏனை மூன்றோடும் ஒப்ப வைத்து எண்ணியது கருதத்தக்கது. மருத்துவர் நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ வந்து செல்வர். மருந்து வேளைக்கு ஒரு குளிகையாகவோ ஒரு கரண்டியாகவோ உட்கொள்ளப்படும். இரவும் பகலும் கட்டிலருகே இருந்து, தண்ணீர் கொடுத்து, புரட்டிப் படுக்க வைத்து, வலிக்கிறதா என்று வினவுபவர் இந்த நான்காமவரே.

அந்த நான்காவது இடத்தில் இந்நாளில் புதியதோர் உருவம் வந்து நிற்கத் தொடங்கியிருக்கிறது. அதற்குத் தலை உண்டு, கண் உண்டு, வாய் திறந்து பேசவும் செய்யும், உயிர் மட்டும் இல்லை. இதற்குக் காரணம் யாவரும் அறிந்ததே. உலகெங்கும் முதியோர் தொகை பெருகி வருகிறது. அவர்களைப் பேணும் கைகளோ குறைந்து வருகின்றன. ஜப்பான் தேசத்தில் இன்று நூறு பேரை எண்ணினால் அவருள் 29 பேர் 65 வயதை எட்டியோ கடந்தோ இருப்பர். ஆகவே, ஆள் போதாத இடத்தில் இயந்திரத்தை வைக்கலாமா என்ற எண்ணம் அந்நாட்டில் முதலில் தோன்றியது வியப்பன்று.

இவ்வியந்திரங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பது பொறியியலார் ஆராயும் விஷயம். நோயாளியின் உள்ளம் அவற்றை எவ்வாறு ஏற்கிறது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது. இது வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. நோயாளி அஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டால் இயந்திரத்தால் பயனில்லை. அளவுக்கு மிஞ்சி நம்பிவிட்டாலோ அதனால் வேறொரு தீங்கு உண்டு. இவ்விரண்டையும் முறையே நோக்குவோம்.

பெயரும் வகையும்

‘ரோபோ’ என்னும் சொல் நாடக மேடையிற் பிறந்தது. செக் நாட்டு ஆசிரியராகிய காரெல் சாபெக் 1920-ம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆர்.யூ.ஆர்.’ என்ற நாடகத்திலேயே அது முதன்முதல் வழங்கிற்று. ‘ரோபோட்டா’ என்றால் அம்மொழியிற் கட்டாய ஊழியம் என்பது பொருள். அச்சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவர் தமையனாராகிய ஜோசப் சாபெக் என்பர். ஆகவே ஊழியம் என்னும் கருத்து அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

வைத்தியசாலைகளிற் பணி செய்யும் ரோபோக்களை உருவம் பற்றி மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, மனித உருவம் சிறிதும் இல்லாதது. 2020-ம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோய் பரவிய காலத்தில், கேரளத்து எர்ணாகுளம் அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில் உணவையும் மருந்தையும் நோயாளிகளிடம் கொண்டு சென்ற ‘கர்மி-பாட்’ என்ற சக்கர வண்டி இவ்வகையைச் சேர்ந்தது. 

இரண்டாம் வகை, மனித உருவத்தைக் கோட்டோவியம் போலக் காட்டுவது. 2014-ம் ஆண்டில் ஜப்பானில் வெளியிடப்பட்ட ‘பெப்பர்’ இதற்கு நல்ல உதாரணம். 120 சென்டிமீட்டர் உயரமும் 28 கிலோகிராம் எடையும் உடைய அவ்வுருவத்துக்கு வெண்ணிற உடலும், பெரிய வட்டக் கண்களும், இரு கைகளும் உண்டு. கால்களுக்குப் பதில் சக்கரங்கள். அது குழந்தையைப் போல இருக்கும். ஆனால் குழந்தை என்று எவரும் மயங்கார். 2016-ம் ஆண்டில் பெல்ஜியம் தேசத்து ஆஸ்டெண்டு, லியேழ் ஆகிய நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் வருவோரை வரவேற்று வழிகாட்ட இது வைக்கப்பட்டது.

மூன்றாம் வகை, தோல், கூந்தல், இமை, உதடு ஆகிய யாவற்றாலும் மனிதரை ஒத்திருக்க முயல்வது. 2021-ம் ஆண்டில் ஹாங்காங் நகரத்து ஹான்ஸன் ரோபோட்டிக்ஸ் என்னும் கம்பெனியார் முதியோருக்குத் துணையாகும்படி ‘கிரேஸ்’ என்ற தாதி உருவத்தை உலகுக்குக் காட்டினர். நீல நிறத் தாதியுடை, பழுப்பு நிறக் கூந்தல், மென்மையான முகம், உடற்சூட்டை அறிய மார்பில் ஒரு காமிரா ஆகியவற்றோடு அது ஆங்கிலத்திலும் சீன மொழிகளிலும் உரையாடியது.

இம்மூன்றனுள் நோயாளிக்கு உகந்தது எது என்று கேட்டால், மனிதரை மிகவும் ஒத்த மூன்றாவதே என்று பலரும் விரைந்து விடை கூறுவர். ஆராய்ச்சி காட்டுவதோ வேறு.

மருட்சிப் பள்ளத்தாக்கு

டோக்கியோத் தொழிற்கலைக் கழகத்திற் பேராசிரியராயிருந்த மஸஹிரோ மோரி என்பவர் 1970-ம் ஆண்டில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதன் ஜப்பானியத் தலைப்பை ‘மருட்சிப் பள்ளத்தாக்கு’ என்று தமிழாக்கலாம். அவர் கூறியதன் சாரம் இது. தொழிற்சாலையிற் பாரந் தூக்கும் இயந்திரக் கையைக் கண்டால் நமக்கு அன்பும் இல்லை, அச்சமும் இல்லை. அதற்குத் தலையும் கண்ணும் அமைத்தால் சிறிது பிரியம் உண்டாகிறது. மனிதச் சாயல் ஏற ஏறப் பிரியமும் மலைச்சரிவில் ஏறுவது போல ஏறிக்கொண்டே செல்கிறது. ஆனால் அவ்வுருவம் ஏறக்குறைய மனிதனே என்னும் நிலையை அணுகும்போது, ஏறிச் சென்றவன் திடீரெனப் பள்ளத்தில் வீழ்வது போல, பிரியம் போய் அருவருப்பும் அச்சமும் தோன்றுகின்றன. முழு மனிதனை அடையும்போதுதான் மீண்டும் மேட்டுக்கு வருகிறோம். அசையாத உருவத்தைக் காட்டிலும் அசையும் உருவத்தில் இப்பள்ளம் மிக ஆழமானது என்றும் அவர் சொன்னார்.

இதற்கு அவர் காட்டிய உதாரணம் எளியது. கையிழந்தவருக்காகச் செய்யப்படும் செயற்கைக் கையில் நரம்பும் நகமும் ரேகையும் கூட அமைத்துவிடுகின்றனர். காண்பவர் மெய்க்கை என்றே எண்ணுவர். ஆனால் அதைப் பற்றிக் குலுக்கும்போது எலும்பற்ற பிடியும் குளிர்ச்சியும் தெரிய, உள்ளம் திடுக்கிடுகிறது. புத்தர் சிலை செதுக்கும் தச்சர் ஒருவர் செய்த மரக்கையையும் மோரி எடுத்துக் காட்டினார். அது மரத்தின் நிறத்தோடேயே இருந்தது, ஆயினும் அழகாயிருந்தது, எவருக்கும் மருட்சி தரவில்லை. ஆதலின் பொறியியலார் இரண்டாவது மேட்டை எட்ட முயன்று பள்ளத்தில் விழாமல், முதல் மேட்டிலேயே நிற்பது நலம் என்பது அவர் அறிவுரை. மூக்குக்கண்ணாடி கண்ணைப் போலச் செய்யப்படுவதில்லை. எனினும் கண்ணுக்கு உதவி முகத்துக்கும் அழகு தருகிறதன்றோ என்று அவர் கேட்டார்.

இக்கருத்து முற்றும் புதியதன்று. ஜெர்மானிய மனநூலாராகிய எர்ன்ஸ்ட் யென்ட்ஷ் 1906-ம் ஆண்டிலேயே, உயிருள்ளது போலத் தோன்றும் ஒன்று உண்மையில் உயிருள்ளதா என்ற ஐயமே மருட்சிக்குத் தாயகம் என்று எழுதியிருந்தார். மோரியின் கருத்தும் ஓர் அறிஞரின் ஊகமேயன்றிச் சோதனையின் முடிவு அன்று. சோதனைகள் பின்னரே வந்தன. அவற்றுட் சில காண்போம்.

2009-ம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பிரின்ஸ்டன் சர்வகலாசாலையார் குரங்குகளுக்கு மூவகைக் குரங்கு முகங்களைக் காட்டினர்: மெய்யான படம், பொம்மை போன்ற படம், மெய்யை மிக நெருங்கிய செயற்கைப் படம் என்பன. அக்குரங்குகள் முன் இரண்டையும் நெடுநேரம் நோக்கின. மூன்றாவதைக் குறைவாகவே நோக்கின. ஆகவே இவ்வுணர்ச்சி நாவலும் சினிமாவும் கற்றுத் தந்த பழக்கம் மட்டும் அன்று என்று கருத இடமுண்டு.

2012-ம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், மனிதப் பெண்ணொருத்தியைப் போலச் செய்யப்பட்ட ‘ரெப்ளீ’ என்னும் ஜப்பானிய ரோபோவின் அசைவுகளைச் சிலருக்குக் காட்டி, அவ்வேளையில் அவர்களுடைய மூளையின் செயலைக் கருவியால் அளந்தனர். மெய்யான மனிதனைக் கண்டபோதும், தோல் நீக்கிய வெறும் இயந்திரத்தைக் கண்டபோதும் மூளை அமைதியாயிருந்தது. மனிதத் தோலும் இயந்திர அசைவும் ஒன்றாகச் சேர்ந்த உருவத்தைக் கண்டபோதுதான் மூளை மிகுதியாக உழைத்தது. தோற்றத்தைக் கண்டு இன்ன வகையான அசைவு வரும் என்று மூளை எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்தது வாராதபோது தடுமாறுகிறது. இதுவே அவ்வாராய்ச்சியாளர் கொண்ட முடிபு.

கர்ட் கிரே, டானியல் வெக்னர் என்னும் இருவர் அதே ஆண்டில் வேறொரு வழியாகச் சென்றனர். ஒரு கம்ப்யூட்டர் தானே திட்டமிட்டுச் செயலாற்ற வல்லது என்று சொன்னபோது மக்கள் அதிகம் கலங்கவில்லை. அது பசி, அச்சம் முதலியவற்றை உணர வல்லது என்று சொன்னபோதே கலங்கினர். இயந்திரம் வேலை செய்வதை நாம் பொறுத்துக்கொள்கிறோம். அதற்கு உள்ளம் உண்டு என்பதைப் பொறுக்க நம்மால் இயலவில்லை.

முகத்தின் பயன்

அங்ஙனமாயின் முகமே இல்லாத இயந்திரம்தான் நோயாளிக்கு நன்று என்று முடிவு செய்யலாமோ எனின், அதுவும் பொருந்தாது. நியூஜிலாந்து நாட்டு ஆக்லந்து சர்வகலாசாலையில் எலிசபெத் பிராட்பென்ட் முதலியோர் 2013-ம் ஆண்டில் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாக்கும். 30 பேருக்கு ஒரு ரோபோவைக் கொண்டு இரத்த அழுத்தம் பார்க்கச் செய்தனர். ரோபோ ஒன்றே, அதன் திரையில் மட்டும் மூன்று மாறுதல்கள். ஒரு முறை மனித முகம். ஒரு முறை உணர்ச்சி குன்றிய வெள்ளி நிற முகம். ஒரு முறை முகமே இல்லை. அவர்களுள் நூற்றுக்கு 60 பங்கினர் மனித முகத்தை விரும்பினர். 30 பங்கினர் முகமில்லாததை விரும்பினர். வெள்ளி முகத்தை விரும்பியவர் 10 பங்கினரே. வெள்ளி முகமே மிகவும் மருட்டுவது என்றும் கூறினர். எனவே, முழு முகமாவது வேண்டும்; இல்லையேல் முகமே வேண்டாம்; இரண்டுங் கெட்ட நிலையே ஆகாது என்பது பெறப்படும்.

இதனோடு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பிரிகாம் ஆஸ்பத்திரியில் நடந்ததை ஒப்பிடலாம். கொள்ளைநோய்க் காலத்தில் அங்கே அவசர சிகிச்சைப் பகுதியில் நாலுகால் ரோபோ ஒன்றை நோயாளியிடம் அனுப்பினர். அதற்குத் தலையே இல்லை. தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு திரை. அத்திரையில், வேறோரிடத்தில் இருந்தபடி பேசும் மெய்யான வைத்தியரின் முகம். 2021-ம் ஆண்டில் வெளிவந்த அறிக்கையின்படி, 40 நோயாளிகளுள் 37 பேர் தமக்குத் திருப்தியே என்றனர். 33 பேர் நேரில் வைத்தியரைக் காண்பதற்கு இது குறைந்ததன்று என்றனர். தலையற்ற நாலுகால் உருவம் நோயாளியை மருட்டும் என்றே முன்னர் எவரும் எண்ணுவர். ஆனால் அதன் உடல் எதையும் நடிக்கவில்லை. அது காட்டிய முகமோ மெய்யான முகம். ஆகவே நோயாளிக்குக் கலக்கம் உண்டாகவில்லை எனலாம்.

அச்சத்துக்கு மறுபுறம்

இதுகாறும் அச்சத்தையும் வெறுப்பையும் பற்றிக் கூறினோம். இனி அதற்கு மறுதலையான பற்றையும் நம்பிக்கையையும் நோக்குவோம். நம் கருத்தில் அதிக ஆராய்ச்சிக்கு உரியது இதுவே.

மாஸச்சூஸெட்ஸ் தொழிற்கலைக் கழகத்துப் பேராசிரியர் ஜோசப் வைஸன்பாம் 1966-ம் ஆண்டில் ‘எலைஸா’ என்ற கம்ப்யூட்டர்த் திட்டம் ஒன்றை வெளியிட்டார். மனநோய் வைத்தியர் போல அது தட்டெழுத்தில் உரையாடும். அதற்கு அறிவு ஒன்றும் இல்லை, எதிரில் இருப்பவர் சொன்னதையே சிறிது மாற்றிக் கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவே. அவர் அதைச் செய்துகொண்டிருந்ததைப் பல மாதங்கள் அருகிருந்து கண்டவர் அவருடைய காரியதரிசி. அப்பெண்மணியும் அதனோடு சில வார்த்தைகள் பேசியதும், தனிமை வேண்டிப் பேராசிரியரை அறையைவிட்டு வெளியே செல்லும்படி கேட்டுக்கொண்டார். வைஸன்பாம் திகைத்துப் போனார். இயந்திரத்தின் உள்ளமைப்பை அறிந்தவரும் அதனிடம் மனந்திறந்து பேச விரும்புவர் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. 1976-ம் ஆண்டில் எழுதிய நூலில் இதனை எடுத்துக்காட்டி, மனித உள்ளத்தை அறிந்து செய்யவேண்டிய பணிகளை இயந்திரத்தினிடம் ஒப்படைத்தல் ஆகாது என்று எச்சரித்தார்.

ஆயினும் இதில் நன்மையும் இல்லாமற் போகவில்லை. தென் கலிபோர்னியா சர்வகலாசாலையார் 2014-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், 239 பேரைத் திரையில் தோன்றும் ஒரு பெண்ணுருவத்தோடு தம் உடல்நிலை மனநிலை பற்றி உரையாடச் செய்தனர். இவ்வுருவத்தை இயக்குவது கம்ப்யூட்டர் என்று சிலருக்கும், மறைவில் இருக்கும் மனிதர் என்று சிலருக்கும் சொல்லப்பட்டது. கம்ப்யூட்டர் என்று கேட்டவரே கூச்சமின்றித் துயரத்தை வெளியிட்டனர். காரணம் அறிவது அரிதன்று. நோய்களுள் வெளியிற் சொல்ல நாணுவன பல. வைத்தியர் ஏளனமாக நினைப்பாரோ, தாதி பிறரிடம் சொல்வாரோ என்று அஞ்சி மறைப்பவர் எத்தனையோ பேர். இயந்திரம் இகழாது என்ற எண்ணம் அவர்களுடைய நாவைத் திறக்கிறது.

கவனிக்க: இவ்விரண்டு இடத்தும் நம்பிக்கை பிறந்த வழி வேறு. கலிபோர்னியாவில் எதிரில் இருப்பது இயந்திரம் என்று அறிந்தமையாலேயே மக்கள் பேசினர். எலைஸாவினிடமோ அறிந்ததையும் மறந்து பேசினர். முன்னையது தெளிவில் எழுந்த நம்பிக்கை. பின்னையது மயக்கத்தில் எழுந்தது.

பாரோ என்னும் கடல்நாய்க்குட்டி

முதியோர் இல்லங்களில் மிகவும் பெயர்பெற்ற இயந்திரம் மனித உருவம் உடையதன்று. ‘பாரோ’ என்னும் கடல்நாய்க்குட்டி அது. ஜப்பானியராகிய டகனோரி ஷிபடா 1993-ம் ஆண்டில் தொடங்கிய முயற்சியின் பயனாக 2005-ம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. வெண்மையான மென்மயிர் போர்த்தது. தடவிக்கொடுத்தால் கண்ணை இமைத்துக் குரல் கொடுக்கும். 2009-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தார் அதனை வைத்திய சாதனமாகவும் ஏற்றனர். நாயையோ பூனையையோ செய்யாது கடல்நாயைத் தேர்ந்தெடுத்தது ஏன்? நாயையும் பூனையையும் எல்லாரும் அறிவர். ஆகவே உடனே ஒப்பிட்டுக் குறை காண்பர். பனிக்கடற் பிராணியோடு பழகியவர் அரியர். ஆதலின் ஒப்பிட இடமில்லை. மோரி சொன்ன பள்ளத்தை இவ்வாறு சுற்றிக்கொண்டு சென்றது ஷிபடாவின் மதிநுட்பம்.

இதன் பயனை அறிய ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாகாணத்திலுள்ள 28 முதியோர் இல்லங்களில் மறதிநோய் உற்ற 415 பேரைக் கொண்டு ஒரு பெருஞ் சோதனை நிகழ்ந்தது. வெண்டி மாயில் முதலியோர் 2017-ம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். ஒரு சாராருக்கு இயங்கும் பாரோ. ஒரு சாராருக்கு மின்சாரம் நிறுத்திய வெறும் பொம்மைப் பாரோ. ஒரு சாராருக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். இயங்கும் பாரோவைப் பெற்றவர் அதனோடு மிகுதியாகப் பேசினர். மிகுதியாக அதனை நோக்கினர். வழக்கமான பராமரிப்போடு ஒப்பிட அவர்களிடம் மகிழ்ச்சியும் கூடியது. ஆனால் வெறும் பொம்மையோடு ஒப்பிடும்போது, கவனத்தை ஈர்ப்பதொன்றிலன்றி வேறெதிலும் அது மேம்படவில்லை. விலையுயர்ந்த இயந்திரம் செய்ததிற் பெரும்பகுதியை மெத்தென்ற பொம்மையும் செய்தது என்பது நாம் மறக்கத்தகாத செய்தி.

பணியாளர் கண்ட உண்மை

நோயாளியின் மனத்தைப் போலவே பணி செய்வோரின் மனமும் கருதற்குரியது. ஜேம்ஸ் ரைட் என்னும் ஆராய்ச்சியாளர் ஜப்பானில் கனகாவா மாகாணத்து முதியோர் இல்லம் ஒன்றில் தங்கி, அங்குப் புகுத்தப்பட்ட மூவகை ரோபோக்களை நேரிற் கண்டு 2023-ம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ரோபோக்கள் ஜப்பானைக் காப்பாற்றமாட்டா என்பது அந்நூற்பெயரின் பொருள்.

அவர் கண்டவை இவை. முதியோரைக் கட்டிலிலிருந்து எழுப்பும் இயந்திரத்தை அறைக்கு அறை உருட்டிச் செல்வதே பெருந் தொல்லையாகி, சில நாளிற் பணியாளர் அதைக் கைவிட்டனர். பெப்பர் தேகப்பயிற்சி நடத்தியபோது, முதியோர் அதனைப் பின்பற்றும் பொருட்டுப் பணியாளர் ஒருவர் அதன் அருகில் நின்று அதே அசைவுகளைச் செய்து காட்ட வேண்டியிருந்தது. பாரோவை முதியோர் விரும்பினர். ஆனால் ஒருவர் அதன் தோலை உரிக்க முயன்றுகொண்டேயிருந்தார். மற்றொரு மூதாட்டியார் அது பக்கத்தில் இல்லாவிடில் உண்ணவும் உறங்கவும் மறுத்தார். துடைத்தல், மின்சாரம் ஏற்றல், காவல் காத்தல் என்று இயந்திரங்களுக்கே பணிவிடை செய்ய வேண்டியதாயிற்று. முதியோரோடு உரையாடும் நேரம் அதனாற் கூடவில்லை; குறைந்தது.

பெப்பரின் கதியும் ஈண்டு நினைக்கத்தக்கது. சுமார் 27,000 உருவங்கள் செய்யப்பட்ட பின்னர், போதிய தேவை இன்மையால் 2020-ம் ஆண்டில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. முதல் நாள் வியப்பு வேறு. நீண்ட நாட் பயன் வேறு.

உருவமும் வாக்குறுதியும்

மேலே கண்ட செய்திகள் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றலாம். ஓரிடத்தில் மனித முகம் விரும்பப்படுகிறது, ஓரிடத்தில் வெறுக்கப்படுகிறது. ஓரிடத்தில் இயந்திரம் என்றதால் நம்பிக்கை. ஓரிடத்தில் இயந்திரம் என்பதை மறந்ததால் நம்பிக்கை. இவற்றை ஒன்றாகக் கோக்கும் நூல் ஒன்று உண்டு என்பது எம் துணிபு. உருவம் என்பது ஒரு வாக்குறுதி. கையைக் கண்டால் வெதுவெதுப்பை எதிர்பார்க்கிறோம். கண்ணைக் கண்டால் நம்மைக் காண்பதாக எண்ணுகிறோம். வருந்தும் முகத்தைக் கண்டால் நமக்காக வருந்தும் உள்ளம் ஒன்று இருப்பதாகக் கொள்கிறோம். சக்கர வண்டி உணவைக் கொண்டுவரும் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, உணவு வந்தது, வாக்கு நிறைவேறியது. பாஸ்டன் நகரத்து நாலுகால் உருவம் வைத்தியரின் முகத்தைக் காட்டியது. வைத்தியர் மெய்யாகவே அங்குப் பேசினார். குளிர்ந்த செயற்கைக் கையோ சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை.

மருட்சி, வாக்குத் தவறியதை உள்ளம் கண்டுகொண்டதன் அடையாளம். ஆகவே அது நமக்குக் காவலும் ஆகும். கவலைக்கு இடமானது, வாக்குத் தவறியதை உள்ளம் கண்டுகொள்ளாத நிலையே. வாலிபரும் அறிவு தெளிந்தவரும் இன்றில்லாவிடினும் நாளை அதைக் கண்டுகொள்வர். மறதிநோய் உற்ற முதியவரோ கண்டுகொள்ளும் ஆற்றலையே இழந்தவர். நாள்தோறும் புதிதாக நம்புவார். வருங்காலத்து ரோபோ மோரியின் பள்ளத்தைக் கடந்து, மெய்யான தாதியினின்றும் வேறு பிரித்தறிய முடியாத உருவத்தை அடையுமாயின், அன்று இவ்வாபத்து நீங்காது. நம் எல்லாரையும் சூழ்ந்துகொள்ளும்.

இங்கே ஒரு தடை எழலாம். பொய்யேயாயினும் ஆறுதல் ஆறுதல்தானே? பொம்மையை அணைத்து உறங்கும் குழந்தையை ஏமாற்றப்பட்டது என்று யார் சொல்வார்? இத்தடையைத் தள்ளிவிடுதல் நியாயமன்று. தனிமையில் வாடும் முதியவரின் முகத்தில் ஒரு நாழிகை மலர்ச்சி தோன்றுமாயின் அதை இகழ எவருக்கும் உரிமையில்லை. ஆனால் குழந்தை பொம்மையோடு உறங்கும்போது அடுத்த அறையில் தாய் இருக்கிறாள். அழுதால் ஓடி வருவாள். தாய் வராமைக்கு ஈடாகவே பொம்மை கொடுக்கப்படுமாயின் அதை நாம் அன்பு என்று சொல்லோம். ஆராயவேண்டியது பொம்மையின் தன்மையை மட்டும் அன்று. அதைக் கொடுத்தவர் எங்கே போனார் என்பதையும்.

மக்களும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே இருக்கின்றனர். 2012-ம் ஆண்டில் ஐரோப்பியக் கூட்டரசு நாடுகளில் எடுக்கப்பட்ட அபிப்பிராயக் கணக்கில், குழந்தைகளையும் முதியோரையும் அங்கக் குறைவுடையோரையும் பேணும் பணியில் ரோபோக்களைத் தடுத்துவிட வேண்டும் என்றவர் நூற்றுக்கு 60 பேர். வைத்தியத் துறையில் தடுக்க வேண்டும் என்றவரோ நூற்றுக்கு 27 பேரே. அறுவை செய்யும் கருவியையும் மருந்து சுமக்கும் வண்டியையும் ஏற்கத் துணிந்தவர்களும், அருகிருந்து ஓம்பும் இடத்தை எளிதில் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை.

நாம் செய்யத்தக்கவை

நல்ல சமாரியனைப் பற்றிய உவமையை இக்கல்லூரியிற் கேளாதவர் இரார். அதில் ஒரு நுட்பம் உண்டு. அடிபட்டுக் கிடந்தவனைச் சுமந்தது அச்சமாரியனின் வாகனமாகிய பிராணி. அவனுக்கு இடங் கொடுத்துப் பேணியவன் சத்திரத்தான். அதற்குக் கூலியும் கொடுக்கப்பட்டது. ஆகவே எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்தால்தான் இரக்கம் என்று அக்கதை கூறவில்லை. சுமையை விலங்குக்கும் செலவைப் பணத்துக்கும் அது மனமுவந்து விட்டுக்கொடுக்கிறது. ஆனால் காயத்தைக் கண்டு மனமிரங்கியவனும், குனிந்து கட்டியவனும், மீண்டும் வருவதாகச் சொல்லிச் சென்றவனும் மனிதனே. இயந்திரத்துக்கு உரிய இடம் எது, நமக்கு உரிய இடம் எது என்பதை இதனினும் தெளிவாக வரையறுத்தல் அரிது.

இதிலிருந்து சில விதிகளை நாம் வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, இயந்திரத்தின் உருவம் அது செய்யும் பணிக்கு ஒத்ததாக இருக்கட்டும். தூக்குவது தூக்குவதாகவும், கொண்டுவருவது கொண்டுவருவதாகவும் காணப்படட்டும். இரண்டாவது, அது இயந்திரம் என்பது நோயாளிக்கு முதலிலும், அவர் மறக்குந்தோறும் மீண்டும், அன்போடு சொல்லப்படட்டும். மூன்றாவது, அதன் வரவை நோயாளியின் விருப்பமின்றித் திணித்தல் கூடாது. அஞ்சுபவருக்கு அஞ்சும் உரிமை உண்டு. நான்காவதே தலையாயது. இயந்திரத்தால் தாதியருக்கு மிச்சமாகும் நேரம் நோயாளியினிடமே திரும்பி வரவேண்டும். அங்ஙனம் வாராது, அந்நேரத்தைக் கணக்கிட்டு ஆட்களைக் குறைப்பதற்கே அது பயன்படுமாயின், அவ்வியந்திரம் எத்துணை இனிய முகம் உடையதாயினும் நோயாளிக்கு நண்பன் ஆகாது.

மாணவ நண்பர்காள்! உங்களுட் சிலர் வைத்தியராவீர். சிலர் பொறியியலாராகி இவ்வியந்திரங்களைச் செய்வீர். சிலர் ஆஸ்பத்திரிகளின் நிர்வாகிகளாகி அவற்றை வாங்குவதா வேண்டாவா என்று தீர்மானிப்பீர். எல்லீரும் ஒரு நாள் பெற்றோரின் கட்டிலருகே நிற்பீர். பின்னொரு நாள் நீவிரே அக்கட்டிலில் கிடப்பீர். விலைப்பட்டியல் உம் கைக்கு வரும்போது, அவ்வுருவம் எத்தனை வேலை செய்யும் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். நோயாளிக்கு அது எதை வாக்களிக்கிறது, அவ்வாக்கை நிறைவேற்றப்போகிறவர் யார் என்பதையும் கேளுங்கள். அதற்கு விடை சொல்ல ஒரு மனிதர் முன்வருவாராயின் இயந்திரத்தைத் தயங்காது உள்ளே விடலாம்.